சம்பந்தி வீட்டுப் பந்தி

குழந்தைவேலுவுக்கு எது எது ஆகாது என்று கேட்டால் குணசுந்தரி தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். கீரை ஆகாது. முருங்கைக்காய் ஆகாது. பயத்தங்காய், தவுகே என்கிற முளைப்பயறு, தேங்காய்ப்பூ, கச்சான் கடலை, அன்னாசி, சோளம் எதுவும் ஆகாது. தக்காளியைத் தோலோடு போட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. ஊரில் இருக்கிற டாக்டர்கள் எல்லாம் காய்கறி தின்னு, கீரை தின்னு என்று மற்றவர்களைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருக்க, இந்த ஒரு மனுஷருக்கு மட்டும் கீரைக்கட்டு எமனாக வந்து வாய்த்தது. குழைய வடித்த வெள்ளைச் சோறு, மசித்த உருளைக்கிழங்கு, அவித்த மீன், முட்டை, வடிகட்டிய சூப்பு. எட்டு வருஷமாக அவருக்கு இதுதான் சாப்பாடு.

நோய்க்குப் பெயர் குரோன்ஸ். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பெயரைச் சொன்ன அன்று, என்றைக்கு நல்லாகும் என்று குணசுந்தரி கேட்டாள். டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துக் குடலை வரைந்து காட்டினார். சிறுகுடல் முடிகிற இடத்தில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, தழும்பு கட்டி வழி சுருங்கிப்போயிருந்தது. நார் உள்ள எதுவும் அங்கே போய்ச் சிக்கினால் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் வெட்ட வேண்டிவரும். மாத்திரையும் ஊசியும் பத்தியமும் இருந்தால் சமாளித்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் என்றார். அந்தத் தாளை குணசுந்தரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குணசுந்தரிக்குச் சமையல்தான் தொழில். குருண் ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் காலை ஏழு மணிக்கு நூறு பிள்ளைகளுக்கு மீகூன் சேமியா பிரட்டிப் போடுகிறவள். வீட்டுக்கு வந்தால் புருஷனுக்கு ஒரு தனிச்சட்டி. காலையில் மூன்று மாத்திரை, ராத்திரி இரண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வயிற்றில் ஊசி. ஊசியைக் குளிர்ப்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். கரண்டு போனால் மற்ற வீட்டுக்காரர்கள் விசிறியைத் தேடுவார்கள். இவள் ஊசியை எடுத்துக்கொண்டு ஐஸ் கட்டி தேடி ஓடுவாள்.

குழந்தைவேலு தொழிற்சாலையில் சரக்குத் தூக்குகிற போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். வெளியே போவதென்றால் முதல் நாளிலிருந்தே பட்டினி கிடப்பார். குருணிலிருந்து அலோர் ஸ்டார் வரைக்கும் எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், எங்கே சாவி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தமாஷாகத்தான் சொல்லுவார். குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்து ரொம்ப நாளாயிற்று.

வியாதியைக் கூடத் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது போன வருஷம் நடந்தது. மகள் உமாராணிக்கு சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு வரன் வந்து, எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில், பெண்ணின் அப்பாவுக்குக் குடலில் தீராத வியாதியாம், பரம்பரையாக வருமாம் என்று யாரோ போய் ஊதிவிட்டார்கள். அவர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வரக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் வராது என்று டாக்டரம்மா விளக்கமாகச் சொல்லியிருந்தார். சொல்லி என்ன? சம்பந்தம் பேசப்போகும்போது டாக்டரம்மாவைக் கூடவே கூட்டிக்கொண்டா போக முடியும்?

அன்றைக்கு ஒரு நாள் முழுக்க குழந்தைவேலு அறையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் மகளையும் மனைவியையும் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திக் கற்பூரத்தை ஏற்றினார்.

"உன் கல்யாணம் முடியிற வரைக்கும் என் வியாதி இந்த வீட்டத் தாண்டிப் போகக்கூடாது. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க" என்றார்.

உமாராணிக்கு இருபத்தாறு வயது. பாலர் பள்ளி ஆசிரியை. ஒரு நாளும் அப்பாவை எதிர்த்துப் பேசியதில்லை. கற்பூரத்தின்மேல் கையை வைத்துவிட்டு, அழுதுகொண்டே வேலைக்குப் போனாள்.

அப்புறம்தான் அலோர் ஸ்டார் பக்கத்து மெர்கோங்கிலிருந்து புவனேசனின் வரன் வந்தது. நல்ல பையன். மின்சார வேலை பார்க்கிறவன். மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், பிள்ளைகள் இரண்டு பேரும் நான்கு மாதமாகப் போனில் பேசிக்கொண்டும் இருந்தார்கள். அடுத்து முறைப்படி பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். பெண் போகக்கூடாது, பெரியவர்கள் மட்டும்தான். வீடு பிடித்திருந்தால் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். பெண்ணைப் பெற்றவன் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று வாயைத் திறக்காமலே சொன்னதாகிவிடும். மற்றவர் யார் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, பெண்ணின் அப்பா சாப்பிட்டாக வேண்டும்.

போதாக்குறைக்கு குழந்தைவேலுவின் அண்ணன் முருகையா வேறு. சைவமா அசைவமா என்று மாப்பிள்ளையின் அம்மா அழகம்மா போன் செய்து கேட்டபோது, நல்ல காரியம் பேசுகிற இடத்தில் சைவமே போதும் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டார். தம்பிக்கு என்னவோ வாய்வுக் கோளாறு என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. கோழியோ மீனோ என்றால்கூட ஒரு துண்டை நன்றாக மென்று ஒப்பேற்றியிருக்கலாம். இலைபோட்டுச் சைவ விருந்து என்றால் இலை முழுக்க நார்தான்.

குணசுந்தரி ஒரு வாரம் மன்றாடிப் பார்த்தாள். விரதம் என்று சொல்லிவிடலாம் என்றாள். சைவ விருந்துக்கு என்ன விரதம் என்று கேட்டார். காய்ச்சல் என்று சொல்லித் தேதியைத் தள்ளலாம் என்றாள். ஏற்கெனவே ஒரு முறை ஊசியும் ஆஸ்பத்திரியுமாகத் தள்ளிப்போட்டாயிற்று, இன்னொரு முறை தள்ளினால் சந்தேகப்படுவார்கள் என்றார். கடைசியில், உண்மையைச் சொல்லிவிடலாமே, அந்தம்மாவைப் பார்த்தால் நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறது என்றாள்.

"நல்ல மாதிரியாத்தான் சுங்கைப் பட்டாணிக்காரங்களும் இருந்தாங்க" என்றார் அவர்.

சனிக்கிழமை மதியத்திலிருந்தே அவர் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை புதுச்சட்டை போட்டுக்கொண்டு, மகளின் தலையில் கையை வைத்துவிட்டுக் காரில் ஏறினார். உமாராணி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்தவள் போல நின்றாள். முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள் அப்பா, அவர்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மெல்லச் சொன்னாள். அவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மெர்கோங்கில் தாமான் வரிசை வீடுதான், ஆனால் கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தார்கள். அழகம்மாவும் அவள் கணவர் முனியாண்டியும் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. குறை இருந்திருந்தால் தேவலையே, எழுந்து வந்துவிடலாமே என்றுகூட குணசுந்தரிக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கார் நிறுத்தும் இடத்தில் மேசை போட்டு ஆண்களுக்கு முதல் பந்தி. பெண்கள் கூடத்தில் இருந்தார்கள். திறந்திருந்த கதவு வழியாக அவள் புருஷன் உட்கார்ந்த இடம் நேராகத் தெரிந்தது. இலையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அன்னாசிப் பச்சடி. தேங்காய்ப்பூ தூவிய பயத்தங்காய். கீரைக் கூட்டு. முருங்கைக்காய் சாம்பார். கடைசியாக அழகம்மாவே தன் கையால் கொண்டுவந்து வைத்த பலாக்காய்ப் பிரட்டல், நார்நாராக, பார்க்கவே அழகாக இருந்தது. குணசுந்தரி சமைக்கிறவள். அதைச் செய்ய எத்தனை நேரம் நின்றிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

ரசத்தில் சோற்றைக் கரைத்துக் குடிப்பது போலச் சாப்பிட்டுவிடுங்கள், மற்றதைக் கிளறிவிட்டு எழுந்துவிடுங்கள் என்று காரில் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார். ஆனால் பந்தியில் எதிரே முனியாண்டி உட்கார்ந்து இவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சப்படாமல் சாப்பிடுப்பா என்று பக்கத்திலிருந்த முருகையா வேறு முதுகில் தட்டினார். குழந்தைவேலு சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். பிறகு கீரையைத் தொட்டார்.

எட்டு வருஷம் வாய்க்கு ருசியாக ஒன்றைத் தின்னாத மனுஷன். அவர் முகத்தில் ஒரு கணம் வந்து போனதை அவள் பார்த்தாள். அது வெறும் நடிப்பு இல்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் இலையை இழுத்துப் போட்டுவிடலாமா என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை, பிள்ளைகளுக்குக் கேண்டீனில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டாள். குணசுந்தரி மீகூன் என்றாள், நாசி லெமாக் என்றாள். சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வாயாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

அழகம்மா பாத்திரத்தோடு மறுபடியும் வந்தாள். கொஞ்சம் தயங்கி நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்தபடி இலையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இரண்டாவது கரண்டி பலாக்காய் விழுந்தது. அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, பாயசத்தைக் குடித்து, இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து கை கழுவினார். முருகையா முகமெல்லாம் சிரிப்பாகப் பரிசத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும்போது சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வயிறு கல்லாக உப்பியது. சாயங்காலம் பச்சைப் பச்சையாக வாந்தி எடுத்தார். உமாராணி அவசர வண்டிக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில், வேறு ஏதாவது மாத்திரை போட்டாரா என்று கேட்டார்கள். இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு, குணசுந்தரி அவர் சட்டைப் பையைத் தடவினாள். வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. ஆறு மாத்திரை காலி. சம்பந்தி வீட்டில் கழிப்பறைக்கு ஓடக்கூடாது என்று அவளுக்குத் தெரியாமல் வாங்கி விழுங்கியிருக்கிறார். சுருங்கிய குடலில் அதுவும் சேர்ந்துகொண்டால் அடைப்பு இன்னும் மோசமாகும் என்று இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அவள் தலையாட்டினாள். எட்டு வருஷம் மாத்திரையைக் கையில் எண்ணிக் கொடுத்தவளுக்கு இந்த ஆறு மாத்திரை கண்ணில் படாமல் போயிருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் வெட்டினார்கள். ஒன்றரை அடி குடல் போய்விட்டது. வயிற்றின் பக்கவாட்டில் துளை போட்டு ஒரு பை வைத்திருந்தார்கள். சில மாதம் மலம் அதில்தான் வரும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். முருகையாவிடம் குடல்வால் ஆப்பரேஷன் என்று சொல்லிவைத்தாள். மெர்கோங்குக்கும் அப்படியே சொல்லச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பார்வை நேரத்தில் அழகம்மா தனியாக வந்தாள். நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவள் குணசுந்தரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். குடல்வால்தான், பயப்பட ஒன்றுமில்லை சம்பந்தி என்று குணசுந்தரி தேற்றினாள்.

"வேணாம்க்கா, எனக்குத் தெரியும்" என்றாள் அழகம்மா. "உமா ஆரம்பத்திலேயே எங்க புவனேசன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சு. எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லக்கா. அன்னைக்கு அண்ணனுக்குன்னு தனியா சோறு குழைய வடிச்சி, கிழங்கு மசிச்சி, குசினியில மூடி வச்சிருந்தேன். நாமளா கொண்டுபோயி வச்சா பந்தியில அத்தன பேரு முன்னால நோயாளின்னு காட்டுன மாதிரி ஆயிரும், அவரா ஒரு வார்த்த சொல்லட்டும்னு வீட்டுக்காரரு சொன்னாரு. அண்ணன் சொல்லல. நல்லா சாப்பிட்டாரு. புள்ள பயத்துல கூட்டிச் சொல்லிருச்சு போலன்னு நெனச்சிட்டேன். ரெண்டாவது தடவ நான்தானேக்கா வச்சேன்."

குணசுந்தரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். உமாராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறச்சிட்டு எப்படிம்மா கட்டிக்கிறது? சத்தியத்த மீறிட்டேன்னு தெரிஞ்சா அப்பா ஒடஞ்சி போயிருவாரு. அவங்க பாத்துக்குவாங்கன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

கோபப்படுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தது குணசுந்தரிக்கு. மகளைத் திட்டலாமா? அவள் செய்தது சரி. அழகம்மாவைத் திட்டலாமா? அவள் மரியாதைதான் பார்த்தாள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எல்லாரும் அவர் மனசு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவளும்தான். அவளுக்கும் வாய் இருந்தது.

உள்ளே வந்து அண்ணன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள் அழகம்மா. கொஞ்சம் இருங்கள், முதலில் நான் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று குணசுந்தரி எழுந்தாள். இனிமேலாவது இந்த மனுஷன் யார் வீட்டிலும் ஒளிக்காமல் கஞ்சி குடிக்கட்டும். இன்றைக்கே, இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனாள்.

குழந்தைவேலு விழித்திருந்தார். மூக்கில் குழாய். போர்வைக்குமேல் ஒரு கை பையைத் தடவிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் பக்கத்தில் வரச்சொல்லி விரலை ஆட்டினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"அவங்களுக்குத் தெரியாதுல்ல?"

அவள் வாயைத் திறந்தாள். அவர் கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. அந்தக் கண்களில் பயம்தான் இருந்தது, ஆனால் பயத்துக்குப் பின்னால் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. தன் பிள்ளைக்காக ஒரு காரியத்தை ஒழுங்காக முடித்துவிட்டோமா என்று கேட்கிற கண்கள்.

"தெரியாதுங்க. குடல்வால்னு சொல்லியிருக்கு" என்றாள்.

அவர் மெல்ல மூச்சு விட்டார். இந்தப் பை சட்டைக்குள் இருந்தால் வெளியே தெரியாது, கல்யாணத்துக்குக் கொஞ்சம் பெரிதாகத் தைத்துக்கொள்கிறேன் என்றார். பந்தியில் அன்றைக்கும் இதே மாதிரி சமாளித்துவிடலாம் என்றார். பேசப் பேசக் களைத்துப்போய்க் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் கையை விடப் போனபோது இறுக்கிப் பிடித்தார்.

"அந்தம்மா ரெண்டாவது தடவ வச்சப்பக்கூட நான் மொகத்தச் சுளிக்கல சுந்தரி. பாத்தியா?"

வெளியே நடைபாதையில் அழகம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேங்க" என்றாள் குணசுந்தரி.